அஸ்வினி முத்திரையில் மறந்துபோன பாதி

அஸ்வினி முத்திரையை வெகுகாலமாகச் செய்துவருகிறேன். அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்தால் நினைவில் அழுத்தமாக நிற்பது ஒன்றே. ஆசனவாயைச் சுருக்கக் கற்க உடம்புக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தன. சுருக்கியதை முழுதாக விடக் கற்கப் பல மாதங்கள் ஆயின. இது என் உடம்பின் தனிக்குணம் அல்ல என்பதைக் கூடவே பயின்றவர்கள் சொன்னதிலிருந்தும், இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகளைப் பற்றி மருத்துவம் கடந்த முக்கால் நூற்றாண்டில் கண்டறிந்ததிலிருந்தும் தெரிந்துகொண்டேன். ஆனால் இந்த முத்திரையைக் கற்பிக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் சுருக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை முறை சுருக்க வேண்டும், எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும், அதனால் என்ன சக்தி மேலே ஏறும் என்பவைதான் பேச்சு. விடுவது தானாக நடந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தானாக நடப்பதில்லை. அடித்தளத் தசை பலமாக இருந்தால் மட்டும் போதாது. மூட வேண்டிய நேரத்தில் மூடி, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கும் கட்டுப்பாடு நம் கையில் இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைத் தருவதால்தான் இந்த முத்திரை அருமையானது என்பது என் துணிபு.

பழைய நூல்களைப் பார்த்தால் இந்த இரண்டு பாதிகளும் அங்கே இருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை பத்து முத்திரைகளை அடுக்குகிறது. அதில் மூலபந்தம் உண்டு, வஜ்ரோளி உண்டு, அஸ்வினி இல்லை. அதற்குப் பிந்தைய கேரண்ட சம்ஹிதை முத்திரைகளை 25ஆக விரிக்கிறது. அஸ்வினி அங்கே தனி இடம் பெறுகிறது. ஆசனவாயைச் சுருக்குவதும் விரிப்பதுமாக மீண்டும் மீண்டும் செய்வதுதான் அந்நூல் தரும் செய்முறை. இலத்தி போட்ட குதிரையிடம் கண்ட அசைவு அது. மறைவிட நோய்கள் தீரும், பலம் கூடும், அகால மரணம் விலகும் என்று பலனும் சொல்லப்பட்டிருக்கிறது. பலன்களை எவ்வளவு ஏற்பது என்பது வேறு கேள்வி. செய்முறையில் விரித்தலுக்கும் சுருக்குதலுக்கும் சமமான இடம் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த முத்திரை வீடுவரை வந்ததற்கு முக்கியக் காரணம் வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர் வகுத்த காயகல்பப் பயிற்சியில் அஸ்வினி முத்திரையும் மூலபந்தமும் ஓஜஸ் மூச்சும் சேர்ந்து வருகின்றன. ஊருக்கு ஊர் இருக்கும் அவருடைய மனவளக்கலை மன்றங்களில் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கடைக்காரர்களும் உட்கார்ந்து இதைக் கற்றிருக்கிறார்கள். வாய்விட்டுப் பேசக் கூசும் ஓர் உறுப்பைப் பற்றிப் பொதுமண்டபத்தில் வைத்துப் பாடம் நடத்த முடிந்தது சாதாரணக் காரியம் அல்ல. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நாம் எதைச் சுருக்குகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. முன்னே அந்தரங்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்புவரை, இடுப்புக்கூட்டின் அடியில் ஒரு தூளிபோலத் தசைகள் விரிந்து கிடக்கின்றன. சிறுநீர்ப்பை, பெண்களுக்குக் கருப்பை, மலக்குடல் எல்லாம் அதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. அந்தத் தசைத் தளத்தில் இருக்கும் வழிகளைச் சுற்றிச் சுருக்குத் தசைகள் வளையமிட்டிருக்கின்றன. மலக்குடலைப் பின்னாலிருந்து முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் ஒரு தசைநாடா குடலுக்கு ஒரு வளைவைக் கொடுக்கிறது. நாம் அடக்கிக்கொள்ள முடிவது அந்த வளைவின் உதவியால்தான். கழிக்கும்போது அந்த நாடா தளர்ந்து வளைவு நிமிர வேண்டும். இவற்றுக்கான நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் திரிகத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் கண்டங்களிலிருந்து வருகின்றன. சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் பாலுறுப்புக்கும் அதே இடம்தான் தலைமையகம். எருவாய்க்கும் கருவாய்க்கும் நடுவே மூலாதாரத்தை வைத்தது சித்தர் மரபு. உடற்கூற்றியல் அதே இடத்தில் பல தசைகள் வந்து முடிச்சிடும் ஒரு மையத்தைக் காட்டுகிறது. இதனால் மூலாதாரம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து தன் உடம்பைக் கூர்ந்து கவனித்தவர்கள் சரியான இடத்தில்தான் கவனித்திருக்கிறார்கள் என்கிறேன். இந்தத் தளம் மூச்சோடும் இணைந்தது. மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் இறங்க, அடித்தளமும் சற்று இறங்குகிறது. வெளியே விடும்போது இரண்டும் ஏறுகின்றன. பயிலும் காலத்தில் இந்த ஏற்ற இறக்கத்தை முதன்முதலாக உணர்வது ஒரு பெரிய திருப்பம். அதுவரை முத்திரை வெறும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

அந்த இடத்துக்கு வந்துசேர்வது எளிதன்று. தொடக்கத்தில் பயில்கிறவர் சுருக்குவது பெரும்பாலும் வேறு எதையோ. பிட்டங்கள் கல்லாகும், தொடைகள் ஒட்டிக்கொள்ளும், அடிவயிறு உள்ளே இழுக்கப்படும், மூச்சு நின்றுவிடும், முகமும் தாடையும்கூட இறுகும். இவ்வளவுக்கும் நடுவே உரிய தசை சோம்பிக் கிடக்கலாம். இது வெறும் அபிப்பிராயமல்ல. 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு அடித்தளத்தைச் சுருக்கும் விதத்தை வாய்மொழியாக மட்டும் சிறிது சொல்லிக்கொடுத்து, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. கால்வாசிப் பேர் செய்த விதம், சிறுநீர்க் கசிவை மேலும் கூட்டக்கூடியதாக இருந்தது. உள்ளே தூக்குவதற்குப் பதிலாக அவர்கள் கீழே முக்கிக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் தம் பயிற்சியை வெளியிட்டபோது இந்தச் சிக்கலை அறிந்தே இருந்தார். பெண் தன் தசையின் அழுத்தத்தைத் தானே பார்க்கும்படி ஒரு மானியைக் கையோடு கொடுத்தார். அவருடைய பயிற்சி உலகெங்கும் பரவியது, மானி பரவவில்லை. நம் முத்திரைக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது. ஒருகாலத்தில் ஆசிரியர் அருகிருந்து பல மாதம் கவனித்துத் தந்த ஒன்றை, இன்று நூறு பேர் அமர்ந்த கூடத்தில் ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லித் தருகிறோம். நூறு பேரில் எத்தனை பேர் தூக்குகிறார்கள், எத்தனை பேர் முக்குகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? எண்ணிக்கை கூடக் கூடத் தவறும் ஆழமாகப் பதியும்.

பலத்தைவிடக் கட்டுப்பாடு முந்தியது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு. தும்மினாலோ இருமினாலோ லேசாகச் சிறுநீர் கசியும் முதிய பெண்கள் 27 பேருக்கு, இருமுவதற்குச் சற்று முன்பு அடித்தளத்தைச் சுருக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே வாரம்தான். நடுத்தர இருமலில் கசிவு ஏறக்குறைய முழுதும் நின்றது. பலமான இருமலில் முக்கால்பங்கு குறைந்தது. ஒரு வாரத்தில் எந்தத் தசையும் பருத்துவிடாது. அவர்களுக்குக் கிடைத்தது வேளை அறிந்து செய்யும் திறம். இருந்த பலமே போதுமானதாக இருந்தது, அதைக் கூப்பிடும் நேரம்தான் தவறிக்கொண்டிருந்தது. “தும்மினா ஒண்ணுக்கு வந்துடுது” என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்கு விதித்த விதியாக ஏற்றுக்கொண்டு, பேருந்துப் பயணத்தையும் கல்யாண வீட்டையும் தவிர்த்து வாழும் பெண்கள் நம் ஊரில் எவ்வளவோ பேர். அவர்களிடம் இந்த ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தால் எத்தனை சங்கடம் தீரும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பயிற்சியின் பயனாக நான் உணர்ந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. கனமான ஒன்றைத் தூக்குமுன் அடித்தளம் தானே ஒருகணம் எழுந்து தாங்கிக்கொள்கிறது. தூக்கி முடித்ததும் இறங்கிவிடுகிறது. இரண்டாவது நிகழாவிட்டால் முதலாவதால் பயனில்லை.

மறந்துபோன பாதிக்கு இப்போது வருகிறேன். எப்போதும் இறுகியே இருக்கும் அடித்தளம் பலமான அடித்தளமல்ல. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பது, வெளியிடத்தில் கழிப்பறை இல்லாமல் மணிக்கணக்கில் அடக்குவது, மனக்கலக்கம், பழைய வலி, தாம்பத்தியத்தில் அச்சம் என்று பல காரணங்களால் இந்தத் தசைகள் தளர மறந்துவிடுகின்றன. அதன் விளைவாக இடுப்பில் தீராத வலி வரலாம், உறவின்போது வலிக்கலாம், சிறுநீர் தயங்கித் தயங்கி வரலாம். மலச்சிக்கலிலும் ஒரு வகை இதனால் வருவதுதான். வயிறு முக்கித் தள்ளும், ஆனால் திறக்க வேண்டிய தசைநாடா அந்த நேரத்தில் இறுகும். பேதி மாத்திரை இதற்குத் தீர்வல்ல. தசையின் அழுத்தத்தைத் திரையில் காட்டித் தளர்த்தக் கற்றுக்கொடுப்பதே மருத்துவர்கள் செய்யும் சிகிச்சை. இப்படிப்பட்ட ஒருவரிடம் காலையும் மாலையும் சுருக்கு, இன்னும் சுருக்கு என்று சொன்னால் அவர் துன்பம் கூடத்தான் செய்யும். ஆசனவாயில் வெடிப்பு உள்ளவர்களுக்கு அந்த வளையம் ஏற்கெனவே வலியில் இறுகியிருக்கும். மூலத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு அவர்களும் இந்த முத்திரையைத் தொடங்குவது எனக்குக் கவலை தருகிறது. பயிற்சியில் விடும் பாதி ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்பதும் யோசிக்கத் தக்கது. சுருக்கும்போது ஏதோ செய்கிறோம் என்ற நிறைவு உண்டு. விடும்போது செய்வதற்கு ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும். மனம் அடுத்த எண்ணிக்கைக்கு ஓடிவிடும். தசை பாதி தளர்ந்த நிலையிலேயே அடுத்த சுருக்கம் தொடங்கும். கடைசிச் சுற்றில் பார்த்தால், தொடங்கியபோது இருந்ததைவிட இறுக்கமான உடம்போடு எழுந்திருப்போம். மூச்சை உள்ளே வாங்கும் நேரத்தை முழுவதும் தளர்த்தலுக்கே கொடுத்து, அடித்தளம் இறங்கி அகல்வதைப் பொறுமையாகப் பார்த்திருக்கப் பழகிய பிறகுதான் சுருக்கமும் சுத்தமாக வருகிறது. முழுதாக நீண்ட தசைக்கே முழுதாகச் சுருங்க இடம் இருக்கும்.

இதற்கு முத்திரை எதற்கு, பிசியோதெரபி போதாதா என்று மருத்துவர் ஒருவர் கேட்டால் கேள்வி நியாயமானதே. அடித்தளத் தசைப் பயிற்சிக்கு இருக்கும் சான்று வலுவானது. 2018இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 14 நாடுகளில் 1,817 பெண்களிடம் நடந்த 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இருமல், தும்மல், பளு தூக்கல் போன்றவற்றால் கசிவு உள்ளவர்களில், பயிற்சி செய்தவர்கள் 100க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர். ஆண்களுக்கும் பயன் உண்டு. விறைப்புக் குறைபாடு உள்ள 55 ஆண்களிடம் பிரிட்டனில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் 40 சதவீதம் பேர் இயல்புநிலைக்குத் திரும்பினார்கள். யோகத்துக்கு இருக்கும் சான்று இவ்வளவு உறுதியானதல்ல. 2019இல் காக்ரேன் குழு தேடியபோது கிடைத்தவை இரண்டே சிறு ஆய்வுகள், மொத்தம் 49 பெண்கள். 2024இல் 240 பெண்களைக் கொண்டு 12 வாரம் நடந்த பெரிய ஆய்வில், அடித்தளத்தைக் குறிவைத்த யோகம் செய்தவர்களுக்குக் கசிவு நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒப்பீட்டுக்காகச் சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. யோகம் மேலானது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. பெண்களுக்கான அடித்தளப் பிசியோதெரபிஸ்ட் சென்னையிலோ கோவையிலோ கிடைக்கலாம். சிற்றூரில் இருக்கிறவருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது யோக வகுப்புதான். அங்கே அவர் கூச்சமில்லாமல் போக முடிகிறது, தொடர்ந்து செய்யத் துணை கிடைக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறி, நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டுச் சுருக்கமாவது, மூன்று மாதமாவது செய்ய வேண்டும் என்கிறது. இந்த மூன்று மாதத் தொடர்ச்சிதான் மருத்துவமனைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் நடக்காத காரியம். நித்தியக் கடமையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு அது இயல்பாக நடக்கிறது. அதோடு, மூச்சையும் கவனத்தையும் தசையோடு சேர்த்துக் கட்டுவதை யோகம் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது. விடும் பாதியைக் கற்க இவ்விரண்டும் பெருந்துணை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் எனக்கு இன்னும் நெருக்கமானது. குண்டலினியை எழுப்பச் சொன்ன முத்திரையைச் சிறுநீர்க் கசிவுக்கு மருந்தாக்குவது அதைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்பார்கள். பயிற்சிக்குப் பின் உடம்பில் ஒரு தெளிவும் வெதுவெதுப்பும் முதுகு நிமிர்ந்த உணர்வும் உண்டு. அதை நானும் அறிவேன், மறுக்கமாட்டேன். சீரான மூச்சு, ஒருமுகப்பட்ட கவனம், உழைத்த தசையில் கூடிய ரத்த ஓட்டம் ஆகியவை சேர்ந்தால் இந்த உணர்வு வரும் என்று எளிதாக விளங்கிக்கொள்ளலாம். அதைச் சக்தி என்று அழைக்க விரும்புகிறவர் அழைக்கட்டும். கீழ்நோக்கும் வாயுவான அபானனை மேலேற்றுவது என்று மரபு சொல்வதைத் தியானத்துக்கான பாவனையாகக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் விந்து மேலேறி மூளையைச் சேர்கிறது, அது கழிந்தால் ஆயுள் குறைகிறது என்று உடற்கூறாகச் சொல்லும்போது நான் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. விரையிலிருந்து மூளைக்கு அப்படி ஒரு பாதை இல்லை. விந்தணு நாள்தோறும் உண்டாகிறது, வெளியேறாதது அங்கேயே சிதைந்து உடம்பில் கலந்துவிடுகிறது. இந்த ஒரு நம்பிக்கையால் நம் இளைஞர்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. தாது போய்விட்டது என்ற அச்சத்தில் தூக்கமும் பசியும் இழப்பதை மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் ஒரு தனி நிலையாகவே அடையாளம் கண்டு பெயரிட்டார். சுவரெல்லாம் விளம்பரம் எழுதி லாட்ஜ் அறைகளில் உட்கார்ந்து லேகியம் விற்கிறவர்களுக்கு முதலீடு இந்த அச்சம்தான். அதே அச்சத்தைத் தூண்டி அஸ்வினி முத்திரையைக் கற்றுக்கொடுப்பது, மனம் இறுகிய ஒருவனின் உடம்பையும் இறுக்குவதில்தான் முடியும். மரபை மதிக்கிறவர்கள் முதலில் எதிர்க்க வேண்டியது இதைத்தான்.

சிறுமைப்படுத்தல் என்ற சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிரசவத்தில் கிழிந்து தைக்கப்பட்ட ஒரு பெண்ணோ, புராஸ்டேட் அறுவைக்குப் பின் அணையாடை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு முதியவரோ தன் உடம்பின்மீது மறுபடி உரிமை பெறுவதில் என்ன சிறுமை இருக்கிறது? மரபை உடற்கூறோடு சேர்த்துப் பார்ப்பதும் புதிதல்ல. புனேக்கு அருகில் லோனாவாலாவில் 1924இல் கைவல்யதாமத்தை நிறுவிய குவலயானந்தர், உட்டியானம், நௌலி என்னும் வயிற்றுப் பயிற்சிகளில் குடலுக்குள் நிகழும் அழுத்த மாற்றங்களைக் கருவிகொண்டு அளந்தார். அவர் குருபக்தி மிக்கவர். தாம் கண்டறிந்த வெற்றிட அழுத்தத்துக்குத் தம் குரு மாதவதாசரின் பெயரையே இட்டார். அளந்து பார்ப்பதும் பக்தியும் அவரிடம் மோதவில்லை.

யோக வகுப்பு நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் அதைவிட நீண்ட நேரம் தளர்த்தலுக்குக் கொடுங்கள். மூச்சைப் பிடித்து வைக்கும் முறையைத் தொடக்கக்காரர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் தராதீர்கள். பிட்டமும் தாடையும் இறுகுகிறதா என்று ஒவ்வொருவரையும் அருகில் போய்ப் பாருங்கள். இடுப்பு வலி உள்ளவர், உறவில் வலி உள்ளவர், மலம் கழிக்க முக்குகிறவர் யார் என்று தனியே கேட்டு, அவர்களுக்குச் சுருக்கத்தை நிறுத்தித் தளர்த்தலை மட்டும் கொடுங்கள். மலத்தில் ரத்தம் கண்டவரையும் அடி இறங்கிய பெண்ணையும் முத்திரையால் சரியாகும் என்று சொல்லிக் காத்திருக்க வைக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகச் சொல்லாதீர்கள். தசை எது என்று தெரிந்துகொள்ள ஒருமுறை செய்து பார்த்தால் போதும், அதையே பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும். மாணவர் ஒருவர் இறுக்கிப் பிடிக்க வரவில்லை என்று சொன்னால், அவருக்கு விட வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.